அடைக்கோழியும் அடுப்பும்

முட்டைகளை வயிற்றின் கீழ் அணைத்துக்கொண்டு மூன்று வார காலம் இடத்தை விட்டு அசையாமல் கிடக்கும் அடைக்கோழியைப் பார்ப்பவர்கள், அது செய்கிற காரியம் ஒன்றே ஒன்றுதான், சூடு கொடுப்பதுதான், என்று எண்ணிவிடுவது சுபாவம். அசையாதிருப்பதாகத் தோன்றும் அந்தக் கோழியோ ஒரு நாளில் பலமுறை அலகினால் முட்டைகளைப் புரட்டி, ஓரத்தில் கிடப்பதை நடுவுக்கும் நடுவில் கிடப்பதை ஓரத்துக்கும் மாற்றிக்கொண்டே இருக்கிறது. அப்படிப் புரட்டாமல் விட்டால் உள்ளே வளரும் கரு ஓட்டின் உட்சவ்வோடு ஒட்டிக்கொண்டு மடிந்துபோகும். இரை பொறுக்க அது எழுந்து போகும் சொற்ப நேரத்தில் முட்டைகள் சற்றே ஆறிக் காற்று வாங்குகின்றன. திரும்பி வந்து அது உட்கார்ந்ததும், இறகுக்கடியில் தேங்கும் ஈரம் முட்டைக்குள் இருக்கும் நீர் மிதமிஞ்சி வற்றாதபடி காக்கிறது. இருபத்தோராம் நாள் குஞ்சு ஓட்டை உடைத்து வெளிவந்த பிறகுதான் அதன் உத்தியோகத்தின் இரண்டாம் பாகம் தொடங்குகிறது. கொத்தவும் கிளறவும் கற்பிப்பது, குளிர்ந்தால் இறகுக்குள் வாங்கிக்கொள்வது, வெயிலுக்கு அழைத்துப் போவது, பருந்தின் நிழல் கண்டால் குரல் கொடுத்து ஒடுக்குவது எல்லாம் அந்தப் பாகத்தில் அடங்கும்.

இந்த இரண்டு பாகங்களையும் தாய்க்கோழியின் துணையில்லாமல் தானே நடத்திவிட வேண்டும் என்ற ஆசை மனிதனுக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகவே இருந்துவந்திருக்கிறது. அவற்றில் முதற்பாகத்தை அவன் மிகப் பழங்காலத்திலேயே சாதித்துவிட்டான் என்பதும், எளிதென்று நினைத்த இரண்டாம் பாகமே அவனைப் பல தலைமுறைகள் தடுமாற வைத்தது என்பதுந்தான் இந்தச் சரித்திரத்தின் சாரம்.

முதற்பாகத்தைச் சாதித்த பெருமை எகிப்து தேசத்தாருக்கு உரியது. கி.மு. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க ஞானி அரிஸ்டாட்டில், பிராணிகளைப் பற்றி எழுதிய தம் பெருநூலில், எகிப்தியர் முட்டைகளைச் சாணக் குவியலுக்குள் புதைத்துக் குஞ்சு பொரிக்க வைக்கிறார்கள் என்று குறிப்பிட்டிருக்கிறார். அதே இடத்தில், ஸிரக்யூஸ் நகரத்துக் குடியன் ஒருவன் தன் பாய்க்கடியில் முட்டைகளை வைத்துக்கொண்டு, அவை பொரிக்கும் வரையில் இடைவிடாமல் குடித்துக்கொண்டே இருப்பான் என்ற வேடிக்கைக் கதையையும் அவர் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். கி.மு. முதல் நூற்றாண்டினரான டியோடோரஸ், எகிப்தில் கோழியும் வாத்தும் வளர்ப்போர் அடைக்கு வைக்காமலே தங்கள் கைத்திறத்தால் கணக்கற்ற பறவைகளை உண்டாக்கிவிடுகிறார்கள் என்று வியந்து எழுதினார். ரோமாபுரியின் பிளினியோ, பின்னாளில் அகஸ்டஸ் சக்கரவர்த்தியின் பட்டமகிஷியான லிவியா, இளம் வயதில் கர்ப்பமாக இருந்தபோது, பிறக்கப்போவது ஆணா பெண்ணா என்று அறிய விரும்பி, ஒரு முட்டையைத் தன் மார்பிலும் தாதியின் மார்பிலும் மாற்றி மாற்றி வைத்துச் சேவற்குஞ்சு ஒன்று பொரிக்கக் கண்டாள் என்கிறார். அவளுக்குப் பிறந்த ஆண்மகவே டைபீரியஸ் சக்கரவர்த்தி. உமிப்படுக்கையில் முட்டைகளைப் பரப்பி, மிதமான நெருப்பு மூட்டி, புரட்டுவதற்கு ஓர் ஆளையும் அமர்த்தும் வழக்கம் தம் காலத்தில் தோன்றியிருந்ததையும் பிளினி சொல்லத் தவறவில்லை. சூட்டைக் கொடுக்க நெருப்பும், புரட்டுவதற்கு மனிதனின் கையும் என்று கோழியின் வேலை அப்போதே இரண்டு பேருக்குப் பங்கிடப்பட்டுவிட்டது.

சாணக் குவியல் என்ற நிலையிலிருந்து எகிப்தியர் வெகுதூரம் முன்னேறிப் பெரிய அடுப்பு மாளிகைகளையே கட்டினர். 1639-ஆம் ஆண்டில் கெய்ரோ நகரத்தில் தங்கியிருந்த ஆங்கிலேய வானநூல் அறிஞர் ஜான் கிரீவ்ஸ் முதலாகப் பல யாத்திரிகர்கள் அந்த மாளிகைகளுக்குள் நுழைந்து பார்த்து எழுதிய வர்ணனைகள் பெரும்பாலும் ஒத்தே இருக்கின்றன. பச்சைச் செங்கல்லால் கட்டப்பட்ட கட்டடம். நடுவே வளைந்த கூரையுள்ள நீண்ட ஒடுக்கமான நடைபாதை. அதன் இருமருங்கிலும் சிறு சிறு அறைகள், கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக இரண்டு அடுக்குகள். கீழறையில் பாயோ வைக்கோலோ பரப்பி ஆயிரக்கணக்கான முட்டைகளை அடுக்குவார்கள். மேலறையின் தளத்திலுள்ள வாய்க்கால் போன்ற பள்ளங்களில் உலர்ந்த சாணத்தையும் நறுக்கிய வைக்கோலையும் இட்டு எரிப்பார்கள். தளத்தின் நடுவில் விடப்பட்டிருக்கும் துவாரத்தின் வழியாக உஷ்ணம் கீழே இறங்கும். சாணம் சுடர் விட்டு எரியாமல் கனன்று கனன்று நெடுநேரம் நிதானமான சூடு தருவதாகையால், விறகைத் தள்ளி அதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதிலேயே அவர்களுடைய அநுபவத்தின் ஆழம் தெரிகிறது.

அந்த அடுப்புக்காரர்களிடம் உஷ்ணமானி இல்லை, கடிகாரமும் இல்லை. அடுப்புக்காரன் ஒரு முட்டையை எடுத்துத் தன் மூடிய இமையின் மேல் வைத்துப் பார்ப்பான். உடம்பிலே மிக மெல்லிய தோல் அதுவாகையால், கையின் காய்ப்புக்குத் தெரியாத சூட்டு வித்தியாசம் இமைக்குத் தெரிந்துவிடும். சூடு மிகுந்தால் துவாரங்களைத் திறப்பான், குறைந்தால் அடைப்பான். கீழறைக்குள் ஊர்ந்து சென்று ஒவ்வொரு முட்டையையும் புரட்டுவான். சில நாட்கள் கழித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்துக் கருப்பிடிக்காத முட்டைகளைக் கழித்துவிடுவான். எல்லாவற்றிலும் ஆச்சரியமானது, ஏறக்குறைய பத்து நாட்களுக்குப் பின் நெருப்பை அவன் படிப்படியாக அணைத்துவிடுவதே ஆகும். அந்தப் பருவத்துக்கு மேல் கருக்கள் தாமே சூட்டை உண்டாக்கத் தொடங்குகின்றன. ஓரிடத்தில் நெருங்கிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான முட்டைகள் ஒன்றையொன்று காத்துக்கொள்ளும். இக்கால விஞ்ஞானம் நுட்பமான கருவிகளால் அளந்து சொல்லும் இந்த உண்மையை, எழுத்தறியாத அந்தத் தொழிலாளி தன் இமையால் கண்டுபிடித்து, நெருப்பை அணைக்கும் துணிவும் கொண்டிருந்தான்.

இந்த வித்தை எகிப்து முழுவதற்கும் பொதுச் சொத்தாகவும் இருக்கவில்லை. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே வாழ்ந்த பிரெஞ்சுப் பாதிரியார் ஸிக்கார், நைல் நதியின் கழிமுகத்திலுள்ள பெர்மே என்ற கிராமத்தாரே இதைப் பரம்பரையாக அறிந்தவர்கள் என்றும், தகப்பன் மகனுக்குக் கற்பிப்பதன்றி அந்நியருக்கு அதை வெளியிடுவதில்லை என்றும் எழுதினார். பருவம் வந்ததும் அந்தக் கிராமத்தார் நாடெங்கும் சென்று அடுப்புகளின் பொறுப்பை ஏற்பார்கள். அவர்களோடு செய்துகொள்ளும் உடன்படிக்கை எளிமையானது: 45,000 முட்டைகளை ஒப்புக்கொண்டவன் 30,000 குஞ்சுகளைத் திருப்பித் தந்தால் போதும். மூன்றுக்கு இரண்டு என்ற அந்தக் கணக்குக்குமேல் பொரித்தவை அவனுக்கு லாபம். ஒப்புக்கொண்டவன் சோம்பினால் நஷ்டமும் விழித்திருந்தால் ஆதாயமும் அவனுக்கே வந்து சேரும்படி அமைந்த இந்த ஏற்பாடு, எந்த மேற்பார்வையாளனையும்விட நன்றாக அடுப்புகளைக் கண்காணித்திருக்க வேண்டும். நாட்டில் 386 அடுப்புகள் இருந்தன; ஆறு மாதப் பருவத்தில் ஒவ்வொன்றும் எட்டு முறை குஞ்சு பொரித்தது. இந்தக் கணக்கைப் பெருக்கிப் பார்த்த பிரெஞ்சு விஞ்ஞானி ரேயோமூர், ஆண்டுக்கு 9 கோடிக்கு மேற்பட்ட குஞ்சுகள் என்ற தொகையைக் கண்டு பிரமித்தார். எகிப்தியர் பெருமைப்படவேண்டியது பிரமிடுகளைப் பற்றியன்று, இந்த அடுப்புகளைப் பற்றியே என்பது அவருடைய அபிப்பிராயம். பெருக்கிக் கண்ட அந்தத் தொகை மிகையாகவே இருக்கலாம். ஸிக்காரின் காலத்துக்கு ஏறக்குறைய நூறாண்டுகளுக்குப் பின் எகிப்தியரின் வாழ்க்கையை நுணுகி ஆராய்ந்த எட்வர்ட் லேன், 1831-ஆம் ஆண்டுக்குரிய கணக்காகத் தருவது 164 பொரிப்பகங்களையும், ஏறக்குறைய 2 கோடியே 62 லட்சம் முட்டைகளையும், 1 கோடியே 74 லட்சம் குஞ்சுகளையுமே. ஆயினும் மூன்றுக்கு இரண்டு என்ற பழைய விகிதம் அந்தக் கணக்கிலும் மாறாமல் நிற்பதைப் பார்க்கும்போது, பெர்மேக்காரர்களின் உடன்படிக்கை எவ்வளவு நெடிய அநுபவத்தின்மேல் எழுந்தது என்பது விளங்கும்.

அந்தக் கோடிக்கணக்கான குஞ்சுகளை வளர்த்தது யார் என்ற கேள்வியை யாத்திரிகர்களில் பெரும்பாலோர் கேட்கவில்லை. அடுப்புக்காரன் வளர்க்கவில்லை. குஞ்சுகள் பொரித்து ஈரம் உலர்ந்ததும் அவற்றைத் தானியம்போல் மரக்காலில் அளந்தே விற்றார்கள் என்று பழைய யாத்திரிகர்கள் எழுதியிருக்கிறார்கள். வாங்கிச் சென்ற கிராமத்துக் குடும்பங்கள், வீட்டுக்குப் பத்து இருபது என்று பிரித்துக்கொண்டு, தங்கள் முற்றத்து வெயிலிலும் அடுக்களைக் கதகதப்பிலும் அவற்றை வளர்த்தன. தாயின் வேலையில் முதற்பாகத்தை ஒரு கிராமத்து நிபுணர்கள் ஏற்றுக்கொள்ள, இரண்டாம் பாகத்தை நாட்டிலுள்ள வீடுகள் யாவும் சிறிது சிறிதாகப் பங்கிட்டுக்கொண்டன. எகிப்தின் வெற்றிக்கு அடுப்பு எவ்வளவு காரணமோ, மழையும் பனியும் அரிதான அந்த நாட்டு வானமும், இந்த ஓசையற்ற பங்கீடும் அவ்வளவு காரணம். இதைக் கவனியாமல் அடுப்பை மாத்திரம் கண்டு ஆசைப்பட்டவர்களுக்கு நேர்ந்த ஏமாற்றங்களே ஐரோப்பாவில் இந்தக் கலையின் கதை.

டஸ்கனி நாட்டுப் பிரபு ஒருவர் பெர்மேயிலிருந்து ஓர் ஆளையே வரவழைத்துப் பார்த்தார். 17-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் டச்சு நாட்டிற் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த டிரெபெல் என்ற யந்திர நிபுணர், சாராயமும் பாதரசமும் சூட்டுக்குத் தக்கபடி விரிந்து சுருங்குவதைக் கொண்டு அடுப்பின் காற்றுவழியைத் தானே திறந்து மூடும் ஓர் உபாயம் கண்டு, அதைக் குஞ்சு பொரிக்கவும் பயன்படுத்தினார். பெர்மேக்காரனின் இமை செய்த வேலையைக் கருவியிடம் ஒப்படைக்க முயன்ற முதல் மனிதர்களில் அவர் ஒருவர். ஆனால் அவருடைய கருவி அவரோடு மறக்கப்பட்டது.

எல்லாரிலும் ஊக்கத்தோடு இதில் ஈடுபட்டவர் ரேயோமூர். தம் பெயரால் வழங்கும் உஷ்ணமானியைச் செய்தவரும், பூச்சிகளைப் பற்றிப் பல சம்புடங்கள் எழுதியவருமான அந்தப் பெரியார், எல்லாப் பருவங்களிலும் வீட்டுப் பறவைகளைப் பொரித்து வளர்க்கும் கலையைப் பற்றி 1749-இல் ஒரு நூலே வெளியிட்டார். பாரிஸில் மலிவாகக் கிடைத்த குதிரைச் சாணத்தின் வெப்பத்தில் பீப்பாய்களைப் புதைத்து, அவற்றுக்குள் முட்டைக் கூடைகளை இறக்கினார். உஷ்ணம் சரியாகவே இருந்தது. ஆயினும் சாணத்தின் நீராவி உட்புகுந்து கருக்களைக் கொன்றது. பீப்பாயின் உட்புறத்தைப் பூசி அந்த ஆவியைத் தடுத்த பின்பே குஞ்சுகள் பொரித்தன. ஒரு கன்னிமடத்தின் ரொட்டி அடுப்புகளுக்கு மேலிருந்த அறையிலும் அவர் முட்டைகளை வைத்துப் பார்த்தார். உஷ்ணமானி வாங்க வழியற்ற குடியானவர்களுக்காக, வெண்ணெயும் மிருகக் கொழுப்பும் கலந்து ஒரு சிறு குப்பியில் இட்டு, அது பாகுபோல் இளகியிருந்தால் சூடு சரி என்று அறியும் எளிய வழியையும் அவர் கற்பித்தார். பெர்மேக்காரனின் இமைக்கு இது எவ்வளவு சமீபமாக வந்துவிடுகிறது!

குஞ்சுகள் பொரித்த பிறகுதான் அவருடைய மெய்யான கவலை ஆரம்பித்தது. பாரிஸின் குளிரில் தாயற்ற குஞ்சுகள் நடுங்கி ஒன்றின்மேல் ஒன்று ஏறி நசுங்கிச் செத்தன. அதற்காக அவர் செய்ததே கிருத்திரிமத் தாய் என்ற பெட்டி. ஒரு புறம் உயர்ந்தும் மறுபுறம் தாழ்ந்தும் சரிந்த கூரையின் உட்புறத்தில் ஆட்டு ரோமத் தோலைத் தைத்திருந்தார். பெரிதும் சிறிதுமான குஞ்சுகள் தத்தம் உயரத்துக்கேற்ற இடம்வரை நுழைந்து, முதுகில் ரோமம் படும்படி ஒடுங்கிக்கொள்ளலாம். குஞ்சுக்கு வேண்டுவது வெறும் சூடன்று, முதுகின்மேல் படும் ஒரு ஸ்பரிசமுங்கூட என்பதை அவர் கண்டுகொண்டார். காயடித்த சேவல்களைப் பழக்கி, குஞ்சுகளை அழைத்துக்கொண்டு மேயச் செய்யும் வழக்கத்தையும் அவர் ஆர்வத்தோடு விவரித்தார். பொரிப்பதற்குச் சாணமும் பீப்பாயும் போதுமாயிருந்த அந்த விஞ்ஞானிக்கு, வளர்ப்பதற்கு மறுபடியும் ஒரு பறவையின் துணை தேவைப்பட்டது.

ரேயோமூருக்குப் பின் பொன்மேன் என்ற பிரெஞ்சுக்காரர், 1777-இல் வெந்நீரைக் குழாய்களில் சுற்றவிட்டு, இரும்பும் ஈயமும் வெவ்வேறு அளவில் விரிவதைக் கொண்டு அடுப்பைக் கட்டுப்படுத்தும் பொறியொன்றைச் செய்து, பிரெஞ்சுப் புரட்சியின் காலம்வரை பாரிஸ் சந்தைக்குக் கோழிகள் அளித்துவந்தார். 1839-இல் லண்டன் பால்மால் வீதியில் பக்நெல் என்பவர் பொரிப்புப் பெட்டியொன்றைக் காட்சிக்கு வைக்க, கட்டணம் கொடுத்து ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வந்து, குஞ்சு ஓட்டை உடைக்கும் விந்தையைப் பார்த்துச் சென்றார்கள். எகிப்தில் குடியானவனின் அன்றாடத் தொழிலாயிருந்தது ஐரோப்பாவின் தலைநகரங்களில் வெகு காலம் விநோதக் காட்சியாகவே இருந்தது.

அத்தகைய ஒரு காட்சியிலிருந்து, கோழிக்கும் முட்டைக்கும் சம்பந்தமற்ற ஒரு நன்மை மனித குலத்துக்குக் கிடைத்தது. பாரிஸ் நகரத்துப் பிரசவ வைத்தியர் டார்னியே, 1870-களின் பிற்பகுதியில் அந்நகரத்து மிருகக்காட்சித் தோட்டத்தில் குஞ்சு பொரிக்கும் பெட்டியைக் கண்டு, குறைமாதத்தில் பிறந்து குளிரில் மடிந்துபோகும் சிசுக்களைப் பற்றிச் சிந்தித்தார். அந்தப் பெட்டியை அமைத்திருந்த ஒடில் மார்த்தேனைக் கொண்டே சிசுக்களுக்கான பெட்டி செய்வித்துப் பிரசவ ஆஸ்பத்திரியில் வைத்தார். 2,000 கிராமுக்குக் குறைந்த எடையோடு பிறந்த சிசுக்களில் நூற்றுக்கு 66 மடிந்துகொண்டிருந்தது 38 ஆகக் குறைந்தது. இன்று நம் ஊர் ஆஸ்பத்திரிகளிலும் காணும் கண்ணாடிப் பெட்டிகளின் மூதாதை கோழிக்குஞ்சுகளுக்காகப் பிறந்ததுதான்.

இந்தக் கலை பெருந்தொழிலானது அமெரிக்காவிலே. கலிபோர்னியாவில் பெட்டலூமா என்ற சிற்றூரில் 1879-இல் லைமன் பைஸும் ஐசக் டயஸும் மண்ணெண்ணெய் விளக்கின் சூட்டைத் தானே சீராக்கிக்கொள்ளும் மரப்பெட்டியைச் செய்து விற்கத் தொடங்கினர். சில பத்தாண்டுகளில் அந்த ஊர் உலகத்தின் முட்டைக் கூடை என்று தன்னையே புகழ்ந்துகொள்ளும் நிலைக்கு வந்துவிட்டது. பொரித்த குஞ்சுகளைத் தூரத்துக்கு அனுப்பவும் இயற்கையே ஒரு வழி வைத்திருந்தது. குஞ்சு பொரிப்பதற்குச் சற்று முன் மஞ்சட்கருவின் மிச்சம் அதன் வயிற்றுக்குள் இழுக்கப்பட்டுவிடுகிறது. அந்தக் கட்டுச்சோற்றைக் கொண்டு தீனியும் நீருமின்றி ஏறக்குறைய மூன்று நாள் அது தாங்கும். இயற்கையின் இந்த ஏற்பாடு, முந்திப் பொரித்த குஞ்சுகள் பிந்திப் பொரிப்பவற்றுக்காகத் தாயோடு காத்திருக்கவே அமைந்தது. மனிதனோ அதை ரயிலேற்றுவதற்குப் பயன்படுத்திக்கொண்டான். 1892-இல் நியூஜெர்ஸியைச் சேர்ந்த ஜோசப் வில்ஸன் ஒருநாள் வயதுக் குஞ்சுகளைப் பெட்டியில் அடைத்துத் தூரத்து ஊருக்கு அனுப்பினார்; 1918-இல் அமெரிக்கத் தபால் இலாகாவே அவற்றை ஏற்றுக்கொள்ளத் துணிந்தது. அதே காலத்தில் ஸ்மித் என்ற வைத்தியர் காற்றைச் சுழலவிட்டு ஒரே கூடத்தில் ஆயிரக்கணக்கான முட்டைகளைப் பொரிக்கும் முறையைக் கண்டார். 1922-இல் ஒஹாயோவில் ஐரா பீட்டர்ஸைம் அதை மின்சாரத்தால் இயக்கினார். சூடும், காற்றும், ஈரமும், புரட்டலும் இப்போது ஒரு பெட்டிக்குள் அடங்கிவிட்டன.

இரண்டாம் பாகம் அவ்வளவு சுலபமாக அடங்கவில்லை. நிலக்கரி அடுப்பின்மேல் குடைபோல் தகரக் கூரையைக் கவிழ்த்து அதன் கீழ் நூற்றுக்கணக்கான குஞ்சுகளைக் கூட்டி வளர்த்தபோது, அதுவரை கேட்டிராத இரண்டு துன்பங்கள் தலைகாட்டின. முதலாவது நோய். குஞ்சுகளை வெள்ளையாகக் கழியவைத்து வாரிக்கொண்டுபோன கொள்ளைநோய் ஒன்றுக்குக் காரணமான கிருமியை 1900-ஆம் ஆண்டில் ரெட்கர் என்ற அமெரிக்க அறிஞர் கண்டறிந்தார். அது நோயுற்ற கோழியிடமிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்கு வந்து, பல ஊர்களின் முட்டைகளை ஒன்றாக வைக்கும் பெரும்பெட்டிகளுக்குள் குஞ்சுக்குக் குஞ்சு தொற்றியது. முற்றத்திலே பன்னிரண்டு குஞ்சோடு திரியும் தாயின் கூட்டத்தில் அந்தக் கேடு வந்தாலும் அங்கேயே முடிந்துவிடும். இரண்டாவது துன்பம், குளிர்காலத்தில் அறைக்குள் வளர்த்த குஞ்சுகளின் கால்கள் துவண்டு நடக்கமுடியாமல் விழுந்தது. 1920-களில் விஸ்கான்ஸின் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள், வெயில் பட்டாலும் மீனெண்ணெய் தீனியில் கலந்தாலும் அந்த நோய் நீங்குவதைக் கண்டார்கள். சூரிய ஒளி உடம்பில் உண்டாக்கும் டி வைட்டமினே அதற்கு மருந்து என்பது தெளிந்தது. தாய்க்கோழி காலையில் குஞ்சுகளை வெயிலுக்கு அழைத்துப் போனதற்குள் இருந்த சிகிச்சையை, மனிதன் ஆயிரக்கணக்கான குஞ்சுகளைப் பலிகொடுத்த பின்பே அறிந்துகொண்டான்.

தமிழ்நாட்டில் இந்த இரண்டு உலகங்களும் இன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. கூடையில் வைக்கோலோ மணலோ பரப்பி, பத்துப் பன்னிரண்டு முட்டைகளை அடைக்கு வைத்து, இடி விழுந்தால் முட்டை கெடும் என்று ஓர் இரும்புத் துண்டையும் கரியையும் கூடவே போட்டுவைக்கும் வீடுகள் உண்டு. நாமக்கல் வட்டாரத்திலோ, பொரிப்பகத்திலிருந்து வண்டியில் வந்திறங்கும் வெள்ளை லெகார்ன் குஞ்சுகளை மின்விளக்குகளின் கீழ் ஆயிரக்கணக்கில் வளர்க்கிறார்கள். அங்கே குஞ்சுகளின் நடத்தையே உஷ்ணமானி: விளக்கடியில் நெருங்கிக் குவிந்தால் குளிர், சுவரோரம் விலகி வாய்பிளந்தால் வெப்பம், பரவலாய்த் திரிந்தால் சரி. அந்த லெகார்ன் இனத்துக்கு அடைக்கு உட்காரும் உணர்ச்சியே பெரும்பாலும் இல்லை. அடைகாக்கும் கோழி அத்தனை வாரமும் முட்டையிடாது. ஆகவே அந்த உணர்ச்சி குறைந்த கோழிகளையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து மனிதன் பெருக்கினான். தாயின் தொழிலைப் பெட்டி ஏற்றுக்கொண்ட பிறகே, தாய்மையற்ற கோழியை வைத்துக்கொள்வது அவனுக்குச் சாத்தியமாயிற்று.

ஆகவே, தாய்க்கோழியை நாம் வென்றுவிட்டோம் என்று சொல்வது பாதி உண்மையே. அது ஒருத்தியாக, கூலி இல்லாமல் செய்த காரியத்தைப் பெட்டிக்கும், விளக்குக்கும், வைத்தியனுக்கும், தீனிக் கலவைக்கும், இரவில் விழித்திருக்கும் காவலாளிக்கும் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறோம். அவர்களில் ஒருவர் அயர்ந்தாலும், மின்சாரம் ஓர் இரவு நின்றாலும், அடுக்கிவைத்த அத்தனையும் நாசமாகிவிடும். பெர்மே கிராமத்தார் இந்த விஷயத்தில் நம்மைவிட அடக்கமுள்ளவர்கள். தாயின் வேலையில் தங்களால் இயன்ற பாதியை ஏற்று, அதற்குரிய பொறுப்பையும் நஷ்டத்தையும் தங்கள் தலையிலேயே போட்டுக்கொண்டு, மறுபாதியை நாட்டின் முற்றங்களுக்கும் சூரியனுக்கும் விட்டுவிட்டார்கள். இயற்கையின் ஒரு காரியத்தை நாம் ஏற்றுக்கொள்ளும்போது, அதில் எவ்வளவை ஏற்றோம், எதை யாரிடம் விட்டோம் என்பதை முதலிலேயே கணக்கிட்டுக்கொள்வது நல்லது. அந்தக் கணக்கைப் பிற்பாடு நமக்குக் கற்பித்தது குஞ்சுகளின் மரணமே.